மாப்பிள்ளைக்கு வாங்கிய பீர்

ஓலைப்பாடி மாட்டுச் சந்தையில் நாலு தரகர்கள் இருந்தார்கள். நாலு பேர் மூளையையும் ஒரே துண்டில் முடிந்தாலும் துண்டுதான் மிச்சமாகும். ஆனால் மாடு பார்ப்பதில் அவர்களை அடிக்க ஆளில்லை. அதிலும் பச்சைமுத்து கை வைத்து வாங்கிய மாட்டை இதுவரை ஒருத்தரும் திருப்பி ஓட்டி வந்ததில்லை. கோபம் மட்டும் கொஞ்சம் கூட. விலை பேசும்போது அவர் காது சிவந்தால் மாடே ரெண்டடி பின்னால் போகும்.

அவருடைய ஒரே மகளைக் கட்டியவர் ஜெர்மனியில் வேலை பார்க்கிறார். தலைதீபாவளிக்கு வருகிறார். சாப்பாட்டோடு ஒரு பீர் குடிக்கிற பழக்கம் உண்டு. "மாடு பிடிக்கிற ஆளுக்கு பீரைப் பத்தி என்ன தெரியும், மாப்பிள்ளைக்கு நானே வாங்கி வைக்கிறேன்" என்று பெண்ணின் தாய்மாமன் சொந்தபந்தம் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான். பச்சைமுத்துவுக்குக் காது சிவந்தது.

"நான் வாங்குற பீர்ல மாப்பிள்ளை ஒரு குறை சொல்லட்டும். அப்புறம் சந்தைக்குள்ள காலெடுத்து வைக்கிறேனா பாரு."

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. மாப்பிள்ளைக்கே போன் போட்டு, நல்ல பீர் எது என்று கேட்டார்.

மாப்பிள்ளை சிரித்தார். "பாட்டிலோட பளபளப்பைப் பார்த்து ஏமாந்துடாதீங்க மாமா. சந்தையில மாடு எப்படிப் பார்த்து வாங்குவீங்களோ, அப்படியே பார்த்து வாங்குங்க."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். கேட்டுக்கொண்டவர்கள் விளையாடுகிற ஆட்கள் இல்லை. பச்சைமுத்து, ஒண்டிமுத்து, சடையன், சின்னத்தம்பி நாலு பேரும் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு புதுச்சேரிக்கு பஸ் ஏறினார்கள்.

கடற்கரைக்கு ரெண்டு தெரு தள்ளி, பீரை அங்கேயே காய்ச்சி ஊற்றுகிற கடை ஒன்று. மேனேஜர் இருதயராஜ் விலைப்பட்டியலை நீட்டினார். பச்சைமுத்து அதைத் தொடக்கூட இல்லை. விலையை எழுதி வைத்துவிட்டு வியாபாரம் பண்ணுகிறவனை அவர் வியாபாரியாகவே மதிப்பதில்லை.

"இருக்கிறதை எல்லாம் அவுத்துக் கொண்டாந்து வரிசையா நிறுத்துங்க தம்பி."

கோதுமை பீர், கறுப்பு பீர், மாம்பழ பீர் என்று மூன்று பெரிய கிளாஸ்கள் வந்து நின்றன.

"இதுக்கு எத்தனை பல்லு?" என்றான் ஒண்டிமுத்து.

"பல்லா சார்?"

"வயசு கேக்குறான்," என்றார் பச்சைமுத்து.

"மூணு வாரம் சார். ரொம்பப் புதுசு."

நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "பால்குடி மறக்காத கன்னுக்குட்டியை விக்க வந்துட்டான்," என்று சடையன் முணுமுணுத்தான்.

ஒண்டிமுத்து கறுப்பு பீரின் மேல் குனிந்து நுரையை உற்றுப் பார்த்தான். முகம் மாறியது. "அண்ணே, நெத்தியில ரெட்டைச் சுழி. வீட்டுக்குள்ள சண்டை மூட்டும்."

"ஊதிப் பாரு."

ஊதினான். நுரை பறந்து சடையன் சட்டையில் உட்கார்ந்தது. சுழியைக் காணோம்.

"சுழி போயிடுச்சு அண்ணே. இப்ப நல்ல பீர்."

"சட்டையில வந்திருக்கே, இப்ப எனக்கு ஆகுமா ஆகாதா?" என்று சடையன் கவலையாகக் கேட்டான்.

அடுத்தது நடை. நடக்கவிட்டுப் பார்க்காமல் பச்சைமுத்து எதையும் வாங்கியதில்லை. கிளாஸுக்கோ கால் இல்லை. வெகுநேரம் யோசித்தார்கள்.

"ஆளுக்கு ஒரு பீரைக் குடிச்சிட்டு நாங்க நடக்குறோம். உள்ள இருக்கிற பீரும் கூடவே நடக்கும்ல?" என்றான் சின்னத்தம்பி.

"ரெண்டைக் கலந்து குடிச்சிடாதீங்கடா. எது நடக்குதுன்னு தெரியாமப் போயிடும். அரை வயித்தோடயும் வேணாம், நடை சுத்தமா இருக்காது," என்றார் பச்சைமுத்து. அவர் வாங்குகிறவர். அதனால் தண்ணீர் மட்டும் குடித்தார்.

மூன்று பேரும் வயிறு முட்ட ஏற்றிக்கொண்டார்கள். கோதுமை பீர் முதலில் புறப்பட்டது. நாலடி போன ஒண்டிமுத்து, பக்கத்து மேஜையில் ஒரு தம்பதி வாங்கி வைத்திருந்த உருளைக்கிழங்கு வறுவலை நின்று தின்ன ஆரம்பித்தான்.

"மேய்ச்சல் நல்லாருக்கு. ஆனா அடுத்தவன் வயல்ல வாய் வைக்கிற பீரு. வேணாம்."

மாம்பழ பீர் நொண்டியது.

"புதுச் செருப்பு கடிக்குது அண்ணே," என்றான் சடையன்.

"விக்கிறவன் ஆயிரம் காரணம் சொல்லுவான். நொண்டுறது நொண்டுறதுதான்."

கறுப்பு பீர் எழுந்தது. சின்னத்தம்பி தலையை நிமிர்த்தி, நேராக நடந்து, தூணைச் சுற்றி, சொன்ன இடத்தில் வந்து நின்றான். முதுகில் ஓங்கித் தட்டினாலும் அசையவில்லை. கண் மட்டும் ஒரே இடத்தில் நிலைகுத்தி நின்றது. அது சாதுவான சாதிக்கு அடையாளம் என்று பச்சைமுத்து எடுத்துக்கொண்டார்.

மாட்டுச் சந்தை வழக்கப்படி இருதயராஜின் கைமேல் துண்டைப் போட்டு, அடியில் விரலைப் பிடித்து விலை பேசினார். கூச்சம் தாங்காமல் அந்த மனுஷன் நெளிந்து நெளிந்து, கடைசியில் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு உள்ளே ஓடினார். திரும்பும்போது கையில் ஆறு கறுப்பு பீர் பாட்டில்கள்.

பச்சைமுத்துவுக்குக் காது சிவந்தது. "இது என்ன?"

"நீங்க வாங்கின பீர் சார்."

"நான் பார்த்தது இவன் வயித்துல இருக்கு. பார்த்தது ஒண்ணு, ஓட்டி விடுறது ஒண்ணா? யார்கிட்ட தம்பி வேலையைக் காட்டுறே?"

"அப்ப அவரையே கூட்டிட்டுப் போங்க சார்," என்றார் இருதயராஜ், கும்பிட்டபடி.

"இது வியாபாரம்," என்றார் பச்சைமுத்து. கடைத்தெருவில் புதுக் கயிறு ஒன்று வாங்கி, சின்னத்தம்பியின் மணிக்கட்டில் கட்டி, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார வைத்தார்.

பாதி வழியில் சின்னத்தம்பி நெளிய ஆரம்பித்தான். "அண்ணே, ஒதுங்கணும்."

"மூச்சு விடாதே. அது மாப்பிள்ளை சரக்கு."

"முட்டுது அண்ணே."

"முட்டுற பீர் இல்லைன்னு பார்த்துத்தானேடா வாங்கினேன்."

டீக்கடையில் பஸ் நின்றது. சின்னத்தம்பி கயிற்றை உருவிக்கொண்டு புளியமரத்துப் பக்கம் பாய்ந்தான். நிம்மதியான முகத்தோடு திரும்பி வந்தவனைப் பார்த்ததும் பச்சைமுத்துவுக்கு உயிரே போய்விட்டது. தாய்மாமன் சிரிப்பது காதில் கேட்டது. இத்தனை வருஷப் பேரும் புளியமரத்தடியில் போய்விட்டது.

ஒண்டிமுத்துதான் தோளைத் தொட்டான். "என்ன அண்ணே, கறவை தெரியாத ஆளு மாதிரி. ஒரு வேளை கறந்தா வத்தியா போயிடும்? தீவனம் வச்சா ஊறும்."

பச்சைமுத்துவுக்கு மூச்சு வந்தது.

தீபாவளியன்று இலை போட்டாயிற்று. தாய்மாமன் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தான். "மாமா, பீர் எங்கே?" என்றார் மாப்பிள்ளை.

பச்சைமுத்து அவரை மாட்டுக் கொட்டகைக்குக் கூட்டிப் போனார். முளைக்குச்சியில் கட்டியிருந்த சின்னத்தம்பி, ஊறவைத்த பருத்திக்கொட்டையைப் பொறுமையாக மென்றுகொண்டிருந்தான்.

"காலையிலேர்ந்து தீனி வைக்கிறேன் மாப்பிள்ளை," என்றார் பச்சைமுத்து பெருமையாக. "இட மாத்தம், அதான் இன்னும் இறங்கல. சாயங்காலம் செம்போட வாங்க. குறை இருந்தா அப்பச் சொல்லுங்க."