மயான வாசல் சவாரி

ஒரு கோடியில் மழை கொட்டும்போது மறுகோடியில் வெயில் அடிக்கும் சென்னைப் பட்டணத்தில், டாக்சிக் கம்பெனி முதலாளி தண்டபாணி சேவையை உயர்த்தப் புதுச் சட்டம் போட்டார். "எவன் கூப்பிட்டாலும் போகணும். சவாரியை மறுத்தவன் சாவியை வச்சிட்டு வீட்டுக்குப் போகணும்."

முதலில் மாட்டியவன் டிரைவர் சகாயம். உச்சிவேளையில் மயான வாசலிலிருந்து அழைப்பு வந்தது. போனான். ஆளே இல்லை. பயந்து திரும்பினான். பின்னாலேயே, சவாரியை மறுத்துவிட்டான் என்று புகாரும் வந்தது.

மறுநாள் முதலாளி சாவிக்குக் கை நீட்டினார்.

"அந்தக் கஸ்டமரைக் கையோட கூட்டிட்டு வந்திருக்கேன் சார். நீங்க அவர் பக்கத்துல உக்காந்து ஒரு ரவுண்டு வந்தா, புகாரை வாபஸ் வாங்கிக்கிறாராம்."

டிரைவர்கள் கூடிவிட்டார்கள். தண்டபாணி கார்க் கதவைத் திறந்தார். பின்சீட்டில் யாருமில்லை, ஆனால் யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி மெத்தை அமுங்கியிருந்தது.

முதலாளிக்கு வேர்த்துவிட்டது. "நான் ஏறலைப்பா."

"சவாரியை மறுக்கிறீங்களா சார்? அப்போ கம்பெனிச் சாவியை யார்கிட்ட குடுக்கப் போறீங்க?"

"உன் சாவியை நீயே வச்சுக்கோ. முதல்ல வண்டியை எடு."

தெரு திரும்பியதும் சகாயம் விழுந்து விழுந்து சிரித்தான். காலையில் மெத்தைக்குள்ளிருந்த ஸ்பாஞ்சை வெட்டியெடுத்தவன் அவன்தானே.

பின்சீட்டிலிருந்து ஒரு குரல் மெதுவாகக் கேட்டது.

"ஏசியைக் கொஞ்சம் குறைங்க தம்பி. எனக்கு ஏற்கெனவே உடம்பு சில்லுனு இருக்கு."