பானையில் மிஞ்சியது

தாமிரபரணிக் கரையில் ஒரு சின்ன மடம். தாண்டவன் அங்கே மூத்த சீடர், ஐம்பதைத் தாண்டியவர். குரு அவரைவிட இளையவர். பழைய குரு மறைந்தபின் பட்டத்துக்கு வந்தவர்.

தாண்டவன் ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினார். வாசற்படி ஏறியதும் தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"என்ன சொல்லுதாங்க?" என்றார் குரு.

"உடம்பு பெருத்ததால தூக்கத்தில எனக்கு மூச்சு நின்னு நின்னு வருதாம் சாமி. இப்படியே விட்டா ஒருநாள் வராமலே போயிருமாம். வெள்ளிக்கிழமை ஆபரேஷன். இரைப்பையை வெட்டிச் சின்னதாக்கணும்னு சொல்லுதாங்க."

"நீர் என்ன சொன்னீர்?"

"சாமிகிட்டக் கேட்டுச் சொல்லுதேன்னு வந்துட்டேன். பயமா இருக்கு. மயக்க மருந்து கொடுத்தா முழிப்பேனான்னு பயம். ராத்திரி படுக்கவும் பயம். உட்கார்ந்தே தூங்குதேன்."

சமையல்கார உலகநாதன் கரண்டியோடு எட்டிப் பார்த்தார். "வெட்டி எடுக்கிறதை வச்சு இன்னொரு தாண்டவன் செஞ்சிரலாமேய்யா."

குரு அவரைப் பார்த்தார். உலகநாதன் உள்ளே போய்விட்டார்.

"கத்தியா, கட்டுப்பாடா? நீங்க சொல்லுங்க சாமி," என்றார் தாண்டவன். "கட்டுப்பாடும் இருந்து பார்த்தாச்சு. ராத்திரிச் சாப்பாட்டை விட்டேன். ஆத்தங்கரையில நடந்தேன். எடை கொஞ்சம் இறங்கும். திரும்ப ஏறிரும். எனக்கு வைராக்கியம் இல்லை."

"என்னென்ன சாப்பிடுவீர்னு டாக்டர் கேட்டாரா?"

"கேட்டார். இலையில விழுறதை ஒண்ணுவிடாமச் சொன்னேன்."

"பானையைச் சொன்னீரா?"

தாண்டவன் விழித்தார். "அது சாப்பாடு இல்லையே சாமி. தொண்டு."

மடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பூசையில் படைத்த சோறு பந்தி முடிந்தபின் பானையில் மிஞ்சக்கூடாது. மிஞ்சினால் மடத்தில் ஓர் உயிர் குறையும் என்று மடத்தைத் தொடங்கியவர் சொல்லியிருந்தார். எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாததால் உலை எப்போதும் பெரிது. கடைசியாகச் சாப்பிட உட்காரும் சீடர் மிச்சத்தை முடிக்க வேண்டும். பல வருடமாக அது தாண்டவனின் பொறுப்பு. பழைய குரு கொடுத்தது.

குரு எழுந்து பூசைக்குப் போனார்.

மதியப் பந்தி முடிந்தது. சாப்பிட்டவர்கள் கை கழுவப் போனார்கள். தாண்டவன் வழக்கமாக உட்காரும் இடத்தில் குரு ஓர் இலையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"சாமி, அது என் இடம்."

"இன்னைக்கு எனக்கு. நீர் பரிமாறும்."

தாண்டவன் பரிமாறினார். குரு சாப்பிட்டார். எப்போதும் அரை இலையோடு எழுந்துவிடுகிற ஒல்லியான மனிதர்.

"இன்னும் இருக்கா?"

"இருக்கு சாமி."

"போடும்."

குருவின் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. ஒரு கையைத் தரையில் ஊன்றிக்கொண்டார்.

"போதும் சாமி."

"மிஞ்சினா ஒரு உயிர் போயிரும்லா? போடும்."

தாண்டவன் பானைக்குள் பார்த்தார். பாதிகூடக் குறையவில்லை. கரண்டியில் கொஞ்சமாக அள்ளிப் போட்டார். குரு அடுத்த கவளத்தை வாயில் வைத்தார். விழுங்க முடியவில்லை. கண்கள் பிதுங்கின. கை காற்றில் எதையோ தேடியது. மூச்சு வரவில்லை.

"உலகநாதா!" என்று அலறிக்கொண்டே தாண்டவன் குருவின் முதுகில் ஓங்கி அறைந்தார். சோறு வெளியே வந்து விழுந்தது. குரு இழுத்து இழுத்து மூச்சு விட்டார். பிறகு இலையைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"போடும்."

தாண்டவன் பானையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. பின்கட்டைத் தாண்டித் தெருவில் பானையைக் கவிழ்த்தார். நாய்கள் வந்தன. கடைசிப் பருக்கையும் போகும்வரை அங்கேயே நின்றார்.

காலிப் பானையோடு திரும்பி வந்தார்.

"கவிழ்த்துட்டேன் சாமி. இனி ஒரு உயிர் போகும். வெள்ளிக்கிழமை நான்தான் போவேன்."

குரு சுவரில் சாய்ந்திருந்தார். முகம் இன்னும் வெளிறித்தான் இருந்தது.

"கவிழ்க்கும்போது அது தெரியாதா?"

"தெரியும்."

"பின்னே?"

"உங்களுக்கு மூச்சு நின்னு போச்சே சாமி."

"உமக்குத் தினமும் நிக்குது."

தாண்டவன் அப்படியே தரையில் உட்கார்ந்தார். உலகநாதன் வாசலில் நின்றிருந்தார்.

"அப்போ ஆபரேஷன் வேண்டாமா?" என்றார் தாண்டவன்.

"முதல்ல டாக்டர்கிட்டப் பானையைச் சொல்லும். அதுக்குப் பிறகும் வெட்டணும்னு சொன்னா வெட்டட்டும். நானும் கூட வருதேன்."

"பிழைச்சு வந்தா?"

"வயித்தைச் சின்னதாக்கி அனுப்புவாங்க. இங்கே உலை இதேதான். சோறு மிஞ்சும். அன்னைக்கு இந்த இலையில நான் உட்கார்ந்திருக்க மாட்டேன்; நீர் இருப்பீர். உமக்காகக் கவிழ்ப்பீரா?"

தாண்டவன் பக்கத்தில் இருந்த காலிப் பானைக்குள் பார்த்தார்.