அமைச்சர் கையில் குழந்தை

வெண்ணாட்டில் தொட்டில் செய்யும் தச்சர்கள் வேறு வேலை தேடிப் போய்விட்ட காலம் அது.

அமைச்சர் மருதனார் விடிந்ததும் விடியாததுமாகக் குரத்தியாரின் மடத்துக்கு வந்து நின்றார். பெண் துறவியரைக் குரத்தியார் என்பது அந்த நாட்டு வழக்கம். குரத்தியார் அவரைவிட வயதில் மிக இளையவர். ஆனாலும் மருதனார் அவரையே ஆசிரியராகக் கொண்டிருந்தார். மனம் ஒரு நிலையில் இல்லாத நாட்களில் அவர் கால்கள் தாமாகவே அங்கே வந்துவிடும்.

அன்று அவர் உட்காரவில்லை.

“அம்மா, நாட்டில் குழந்தை பிறப்பது குறைந்துகொண்டே போகிறது. காரணம் கண்டு வரும்படி அரசர் சொன்னார். ஊர் ஊராகப் போய்க் கேட்டேன். வீடு சிறியது என்கிறார்கள். கையில் இருக்கும் வேலை போய்விடும் என்கிறார்கள். மழை பொய்க்கிறது என்கிறார்கள். ஒருத்தி, ‘என்னமோ வேண்டாமென்று இருக்கிறது’ என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். இதில் எது உண்மையான காரணம்?”

குரத்தியார் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

“காரணம் தெரிந்தால் அரசர் என்ன செய்வார்?”

“அவர் அதற்குள் முடிவு செய்துவிட்டார். மணமாகி ஐந்து ஆண்டுக்குள் பிள்ளை பெறாதவர்கள் தலைநகரை விட்டுப் போக வேண்டும். இன்று உச்சிப்பொழுதில் முரசறைகிறார்கள். ஆணையை எழுதியது நான்தான்.”

“வெண்ணி?”

மருதனாரின் குரல் இறங்கியது. வெண்ணி அவருடைய ஒரே மகள். மணமாகி ஐந்து ஆண்டு தாண்டிவிட்டது. நகரத்து மருத்துவச் சாலையில் வைத்தியராக இருக்கிறாள். பிள்ளை வேண்டாம் என்று கணவனும் அவளும் பேசி வைத்திருந்தார்கள்.

“நேற்று அவளிடம் சொன்னேன். மனம் மாறினால் அரசரிடம் தவணை கேட்கிறேன் என்றேன். அவள் எழுந்து போய்த் துணிகளை மூட்டை கட்டத் தொடங்கிவிட்டாள்.”

அப்போது வாசலில் ஓர் இளம்பெண் வந்து நின்றாள். இடுப்பில் கைக்குழந்தை. கண்கள் செருகிச் செருகி விழித்தன. பக்கத்து ஊரிலிருந்து நடந்து வந்திருந்தாள்.

“தலை விண்விண்ணென்று தெறிக்குது தாயே. ஏதாவது மருந்து கொடுங்க.”

“தூங்கி எத்தனை நாளாயிற்று?”

அவள் யோசித்தாள். யோசிக்கவும் முடியவில்லை போலிருந்தது.

“பால் கொடுத்துவிட்டு உள்ளே போய்ப் படு,” என்றார் குரத்தியார்.

அவள் பால் கொடுத்து முடித்ததும் குழந்தையை வாங்கி மருதனாரிடம் நீட்டினார். “இதைச் சற்று வைத்துக்கொள்ளும்.”

மருதனார் வாங்கிக்கொண்டார். எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல் பட்டு மேலாடையோடு சேர்த்து அணைத்தார்.

“நான் கேட்டதற்கு...” என்று தொடங்கினார். குழந்தை அழுதது.

“நடந்துகொண்டே பேசும். நின்றால் அழும்.”

நடந்தார். அழுகை நின்றது. பேச வாயெடுத்தார். மறுபடியும் அழுதது. பேச்சை விட்டுவிட்டு நடந்தார். வேப்பமரத்துக்கும் கிணற்றுக்குமாக நடை. மேலாடை நனைந்தது. வெயில் ஏறியது. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

தண்ணீர் எடுக்க வந்த மடத்து மாணவி, “கழுத்தைத் தாங்கிப் பிடியுங்கள் ஐயா,” என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

சமையற்காரர் எட்டிப் பார்த்தார். “வயிற்று வலியாக இருக்கும். ஓமத்தண்ணீர் கொடுத்தால் சரியாகப் போகும்.” அவரும் உள்ளே போய்விட்டார்.

கும்பிட வந்த ஒரு பெரியவர் குழந்தையின் கன்னத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “தங்கக்கட்டி. இதற்குத் துணையாக இன்னொன்றும் வந்துவிட்டால் நல்லது,” என்று வாழ்த்திவிட்டு நடந்தார்.

மருதனார் பல்லைக் கடித்தார்.

உச்சிப்பொழுது நெருங்கும்போது அரண்மனையிலிருந்து குதிரைவீரன் வந்தான். “முரசு தயாராக இருக்கிறது. ஆணை ஓலை தங்களிடம் இருக்கிறதாம். அரசர் உடனே வரச் சொன்னார்.”

“நான் எப்படி வருவது? பார்த்தால் தெரியவில்லையா?”

வீரன் பார்த்தான். “பேரப்பிள்ளையா ஐயா?”

மருதனார் குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டார். “இன்று முரசு வேண்டாம் என்று போய்ச் சொல். நான் நேரில் வந்து விளக்குகிறேன்.”

குதிரை போய்விட்டது. குழந்தை பசித்து வீறிட்டது. சத்தம் கேட்டு உள்ளேயிருந்து அந்தப் பெண் அவிழ்ந்த கூந்தலோடு ஓடிவந்தாள்.

“மன்னிக்கணும் ஐயா. கண் அசந்துட்டேன்.”

மருதனார் அவளையே பார்த்தார். தூங்கியதற்கு மன்னிப்புக் கேட்கிறாள். அவள் குழந்தையை வாங்கிக்கொண்டு நிழலுக்குப் போனாள். அவர் கை இரண்டும் மரத்துப்போயிருந்தன.

முதல்முறையாக அவர் உட்கார்ந்தார்.

“வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள் அம்மா. ஒருவர்கூடக் கையை நீட்டவில்லை.”

குரத்தியார் ஒரு கிண்ணத்தில் கஞ்சி ஊற்றி அவர் முன் வைத்தார்.

“அரசர் காரணம் கேட்பார். நான் என்ன சொல்ல?”

“ஒன்றும் சொல்ல வேண்டாம். ஒரு குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடும்.”

மருதனாருக்குச் சிரிப்பு வரப்பார்த்தது. வரவில்லை. கஞ்சியை ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தார்.

“ஊரை விடுங்கள். என் மகளுக்கு என்ன குறை? ஆள் அம்பு இருக்கிறது. மருமகன் நல்லவன். இவளைப் போல அவள் தனியாகக் கிடந்து அல்லாட வேண்டியதில்லையே. அவள் ஏன் வேண்டாம் என்கிறாள்?”

“வெண்ணி இந்தக் குழந்தையளவு இருந்தபோது யார் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்?”

“நான் அப்போது எல்லைப் போரில் தூது போயிருந்தேன். திரும்பி வந்தால் அரண்மனை வேலை. அது முடிந்தால் வேறொன்று.” அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “வீட்டில் எந்தக் குறையும் இல்லை அம்மா. காய்ச்சல், பல் முளைப்பது, படிப்பு, எல்லாவற்றையும் என் மனைவி ஒருத்தியே பார்த்துக்கொண்டாள்.”

குரத்தியார் கீரைத் தண்டுகளைக் கூட்டி அள்ளினார்.

“வெண்ணியும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.”