போணி ஆகாத குடைக்கடை

காலித் தகரப்பெட்டியில் அன்றைய முதல் காசு விழும்போது ஒரு சத்தம் வரும். அடுத்தடுத்து விழும் காசுகளுக்கு அந்தச் சத்தம் கிடையாது. அவை காசின் மேல் காசாக விழுந்து உடனே அடங்கிவிடும். முதல் காசு மட்டும் உருண்டு, பெட்டியின் நான்கு சுவரையும் தொட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு மூலையில் போய்ப் படுக்கும். எதிர்வீட்டு மாடியில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் நான் பல வருஷம் கல்லூரிக்குப் பாடம் நடத்தப் புறப்பட்டிருக்கிறேன்.

குடைக்கடையில் போணி ஆகிவிட்டது என்று அர்த்தம். அன்றைய முதல் வியாபாரம் முடிந்தது. இனி யார் வேண்டுமானாலும் வரலாம்.

கடை ஸ்டேஷன் ரோட்டில் இருந்தது. எங்கள் ஊரில் ஐப்பசியில் கொஞ்ச நாள் மழை, மீதி நாளெல்லாம் வெயில். வெயிலுக்கும் குடை பிடிக்கலாம் என்பது ஆவுடையப்பன் அண்ணாச்சியின் அப்பா கண்டுபிடித்தது. அதற்குப் பிறகு அந்தக் கடையில் யாரும் எதையும் கண்டுபிடிக்கவில்லை.

கடையில் நான்கு பேர். அண்ணாச்சி முதலாளி. அவர் மைத்துனன் குத்தாலிங்கம், எதையும் யோசித்துத்தான் பேசுவான். யோசிக்காமல் பேசியிருந்தால் பாதிச் சேதம் குறைந்திருக்கும். கணக்கு எழுதுகிற இசக்கியப்பன். குடைக்கம்பி மாட்டுகிற பேச்சிமுத்து.

சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள், கார்த்திகை முதல் தேதி கடையை இடிப்பார்கள் என்று நோட்டீஸ் வந்தது. கடைக்குப் பின்னாலேயே அண்ணாச்சியின் வீடு. அதுவும் போகும். ஓசூரில் இருந்து மகள் வடிவு போன் செய்தாள்.

"அப்பா, நான் இணையத்துல ஒரு குடைக்கடை திறந்து தாரேன். ஐப்பசி முடியுறதுக்குள்ள நூறு குடை அனுப்பிக் காட்டுங்க. பின்தெருவுல ரூம் பிடிச்சுத் தாரேன், அங்கயே இருங்க. இல்லைன்னா பெட்டியக் கட்டிக்கிட்டு இங்க வந்துருங்க."

அண்ணாச்சி ஒருமுறை ஓசூருக்குப் போய் மூன்று நாள் இருந்தவர். ஒன்பதாவது மாடி. காலையில் கம்பங்கூழ், மாலையில் நடைப்பயிற்சி, இரண்டுக்கும் நடுவில் மருமகனின் உடல்நல ஆலோசனை. ஊர் திரும்பிய அன்று ரயிலடியில் நின்றுகொண்டே ஆறு வடை தின்றார்.

"நூறு என்னம்மா, இருக்கிற நானூத்திப் பன்னெண்டையும் வித்துருதேன்" என்றார்.

வடிவு போனில் விதிகளைச் சொல்லச் சொல்ல, இசக்கியப்பன் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி சாமி படத்துக்குக் கீழே ஒட்டினான். அதன் பிறகு அந்தத் தாளைக் கேட்காமல் கடையில் ஒருவரும் தும்மக்கூட இல்லை.

முதல் விதி, குடையைப் படம் எடுக்கும்போது பிடித்திருக்கும் கையும் தெரியக் கூடாது, பின்னால் வேறெதுவும் தெரியக் கூடாது.

"கை இல்லாம குடை எப்படிவே நிக்கும்?" என்றான் பேச்சிமுத்து.

குத்தாலிங்கம் அரைமணி நேரம் யோசித்தான். "பின்னால ஒண்ணுமே தெரியாத இடம் ஆகாசம்தான். அங்க நிறுத்தணும்."

மொட்டை மாடிக்குப் போய்க் குடையை விரித்து மேலே எறிந்தார்கள். அது கீழே வருவதற்குள் இசக்கியப்பன் படம் எடுக்க வேண்டும். முதல் இரண்டு முறை அவன் விரல்தான் படத்தில் விழுந்தது. மூன்றாவது எறியில் காற்று பிடித்துக்கொண்டது. குடை மெல்ல மிதந்து போய், நின்றுகொண்டிருந்த தென்காசி பஸ்ஸின் கூரையில் உட்கார்ந்தது. பஸ் கிளம்பிவிட்டது. படம் மட்டும் பிரமாதமாக வந்திருந்தது.

"ஒண்ணு போயிருச்சே" என்றார் அண்ணாச்சி.

"போகலை அத்தான். தென்காசிக்காரன் பாப்பான்லா? விளம்பரம்" என்றான் குத்தாலிங்கம்.

இரண்டாவது விதி, வாங்கியவர்களிடம் கருத்துக் கேட்டு, நல்லதோ கெட்டதோ அப்படியே போட வேண்டும். இணையத்தில் இன்னும் யாரும் வாங்கவில்லை. அதனால் நாற்பது வருஷமாகக் கடையில் குடை வாங்கிய எல்லோரிடமும் போய்க் கேட்டார்கள். கடைப்பக்கத்தில் கருத்துகள் வரிசையாக ஏறின. 'நல்ல குடை. என் சகலை இரவல் வாங்கிப் போனார். சகலையும் வரவில்லை, குடையும் வரவில்லை. ஒரு நட்சத்திரம்.' 'இந்தக் குடையோடு பெண் பார்க்கப் போனேன். கல்யாணம் முடிந்தது. அரை நட்சத்திரம்.'

என்னிடமும் வந்தார்கள். குடை நன்றாகத்தான் இருக்கிறது, வாங்கித் தந்தவர்தான் இல்லை என்றேன்.

இசக்கியப்பன் எழுதிக்கொண்டு, "இதுக்கு எத்தனை நட்சத்திரம் டீச்சர்?" என்று கேட்டான்.

அவர்களாகவே மூன்று போட்டுக்கொண்டார்கள்.

இத்தனைக்கும் பிறகு ஆர்டர் வந்தது என்பதுதான் ஆச்சரியம். ஐப்பசி பிறந்த மூன்றாம் நாள், வடிவு வாங்கி அனுப்பியிருந்த கம்ப்யூட்டர் 'டிங்' என்றது. நால்வரும் எழுந்து நின்றார்கள். மார்த்தாண்டத்தில் இருந்து ஜெபசிங் என்பவர் ஒரு கறுப்புக் குடை கேட்டிருந்தார்.

"இதுல்லா போணி!" என்றான் பேச்சிமுத்து.

அண்ணாச்சி கையை உயர்த்தினார். "பொறுடே. புதுக் கடை. யாரு என்னன்னு தெரியாத கையால போணி பண்ணிட்டு, நாளைக்கு விளங்காமப் போச்சுன்னா?"

விசாரித்துவிடுவது என்று முடிவாயிற்று. அண்ணாச்சியே போன் செய்தார்.

"வணக்கம், குடைக்கடையில இருந்து பேசுதேன். உங்க கையால தொடங்கின காரியம் எதாவது விளங்கியிருக்கா?"

ஜெபசிங் உண்மையான மனிதர். கொஞ்சம் யோசித்து, "பேக்கரி தொறந்தேன், மூடியாச்சு. கோழிப்பண்ணை வெச்சேன், எல்லாம் செத்துப் போச்சு. இப்ப வேலை தேடிட்டிருக்கேன். ஏன் சார்?" என்றார்.

"ஒண்ணுமில்ல தம்பி. நல்லாயிருங்க" என்று போனை வைத்துவிட்டு, அண்ணாச்சி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தப்பிச்சோம்டே."

ஆர்டரை ரத்து செய்து இசக்கியப்பன் பதில் அனுப்பினான்: 'இன்னும் போணி ஆகவில்லை. போய்விட்டுப் பிறகு வரவும்.'

ஊரில் கைராசி உள்ளவள் என்றால் இட்லிக்கடை பிச்சம்மாதான். அவள் போணி செய்த வருஷம் இருபத்திரண்டு நாள் மழை பெய்தது என்று கடையில் எழுதியே வைத்திருக்கிறார்கள். ஆனால் பிச்சம்மா மகளின் பிரசவத்துக்குத் தூத்துக்குடி போயிருந்தாள். குழந்தை பிறந்ததும் வருவதாகச் சொல்லியிருந்தாள். குழந்தை அவசரப்படவில்லை.

கடை காத்திருந்தது. நேரில் குடை கேட்டு வந்தவர்களுக்கும் அதே பதில்தான். கம்ப்யூட்டர் டிங், டிங் என்றுகொண்டே இருந்தது. இசக்கியப்பன் எல்லோரையும் போய்விட்டுப் பிறகு வரச் சொல்லிக்கொண்டே இருந்தான். பதினோராம் நாள் வடிவு கூப்பிட்டாள்.

"அப்பா, அறுபத்து மூணு ஆர்டர் வந்திருக்கு. அத்தனையும் நீங்களே ரத்து பண்ணியிருக்கீங்க!"

"பின்ன? போணி ஆகலைலாம்மா."

"முதல்ல வந்தவர்தாம்ப்பா போணி!"

"அவரு கோழி பூராம் செத்துப்போச்சு, தெரியுமா உனக்கு?"

வடிவு, "எந்தக் கோழி?" என்றாள்.

பதினெட்டாம் நாள் பேரன் பிறந்து, இருபதாம் நாள் பிச்சம்மா வந்தாள். ஸ்டேஷனில் இறங்கியவளைக் குத்தாலிங்கம் பையோடு சேர்த்துக் கடைக்கு அழைத்து வந்துவிட்டான். கம்ப்யூட்டருக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள்.

"குடை என்ன வெல அண்ணாச்சி?"

"நானூத்தி எம்பது, தாயி."

"இருநூத்தம்பது."

விலை பேசாமல் பிச்சம்மா கறிவேப்பிலைகூட வாங்கியவள் இல்லை. ஆனால் காலண்டர் தாளில் இன்னொரு விதி இருந்தது. திரையில் உள்ள விலைதான் விலை. அதனால் அண்ணாச்சி ஒவ்வொரு முறை இறங்கி வரும்போதும் இசக்கியப்பன் கம்ப்யூட்டரில் விலையை மாற்றிவிட்டு "ம்" என்பான். பிறகுதான் அண்ணாச்சி வாயைத் திறப்பார். நானூற்று அறுபது, ம். நானூற்று இருபது, ம். ஒரு மணி நேரத்தில் முந்நூற்று எழுபத்தைந்தில் பேரம் நின்றது. பிச்சம்மா சேலையில் விரலைத் துடைத்துக்கொண்டு அழுத்தினாள்.

டிங்.

நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணாச்சிக்குத் திருப்தி இல்லை. "சத்தம் சரியில்லையே" என்றார். பிச்சம்மாவிடம் ஒரு ரூபாய்க் காசு வாங்கிக் கண்ணில் ஒற்றி, தகரப்பெட்டியில் போட்டார். அது உருண்டது. சுவர்களைத் தொட்டது. மூலையில் போய்ப் படுத்தது. மாடியில் எனக்குக் கேட்டது.

"இப்பம் ஆச்சு" என்றார் அண்ணாச்சி.

அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது.

"குடையக் குடுங்க அண்ணாச்சி, நான் கெளம்புதேன்" என்றாள் பிச்சம்மா.

இசக்கியப்பன் தாளைக் காட்டினான். ஆர்டர் வந்த குடையைக் கையில் கொடுக்கக் கூடாது. பெட்டியில் கட்டி, விலாசம் ஒட்டி, கூரியரில்தான் அனுப்ப வேண்டும். பிச்சம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் குடையைப் பெட்டியில் போட்டு, 'பிச்சம்மாள், இட்லிக்கடை, மூன்று கடை தள்ளி' என்று எழுதினார்கள். கூரியர்காரன் வந்து எடுத்துக்கொண்டு போனான்.

"அது எங்க போகுது?"

"மதுரைக்குப் போயிட்டு வரும், தாயி. அஞ்சு நாள்."

"அப்ப இந்தா தொங்குதே, இதுல ஒண்ணக் குடும். நாளைக்குத் தாரேன்."

"இதுக்குத் தனியா ஆர்டர் போடணும். அதுவும் மதுரைக்குப் போயிட்டுத்தான் வரும்."

நானூற்றுப் பத்துக் குடைகளுக்குக் கீழே பிச்சம்மா மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். மழை விடவில்லை. கடைசியில் தலையில் பையைக் கவிழ்த்துக்கொண்டு இறங்கி நடந்தாள். அன்று அரைக்க வேண்டிய மாவை அவள் அரைக்கவில்லை. மறுநாள் ஊர் காலைப் பசியோடு இருந்தது.

ஆனால் அவள் கை கைதான். குடை முந்நூற்று எழுபத்தைந்து என்று தெரிந்ததும் கம்ப்யூட்டர் மூச்சுவிடாமல் டிங்கியது. நாலே நாளில் நூற்றுப் பதினெட்டு ஆர்டர். நால்வரும் தூங்காமல் பெட்டி கட்டினார்கள். அண்ணாச்சி பின்தெரு ரூமைப் போய்ப் பார்த்து, வடை கிடைக்கும் தூரத்தையும் அடி வைத்து அளந்துவிட்டு வந்தார்.

"பெட்டியெல்லாம் எப்பம் அனுப்பணும் அண்ணாச்சி?" என்று கேட்டான் பேச்சிமுத்து.

"போணிக் குடை வீடு சேரட்டும்டே. அதுக்கு முன்னால அடுத்த குடை படியிறங்கப்படாது."

வழியெல்லாம் மழை. போணிக் குடை மதுரையிலேயே இளைப்பாறிவிட்டு, ஐப்பசி கடைசி நாள் காலையில் பிச்சம்மா வீட்டுக்கு வந்தது. உடனே கூரியர் வேனைக் கடை வாசலுக்கு வரவழைத்து, நூற்றுப் பதினெட்டுப் பெட்டிகளையும் ஏற்றினார்கள். டிரைவர் கதவைச் சாத்தும் நேரத்தில் பிச்சம்மா வந்தாள். கையில் பெட்டி, பிரிக்காமல்.

"இந்தாரும். எனக்கு வேண்டாம்" என்று மேஜையில் வைத்தாள்.

அண்ணாச்சி "ஏந்..." என்று தொடங்கினார். இசக்கியப்பன் பாய்ந்து போய்த் தாளின் கடைசி வரியில் விரல் வைத்தான். யாராவது பொருளைத் திருப்பித் தந்தால், ஏன் என்று கேட்காமல் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அண்ணாச்சி துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

பிச்சம்மா போகவில்லை. நின்றாள். கண்ணாடி அலமாரியைப் பார்த்தாள். சாமி படத்தைப் பார்த்தாள். அண்ணாச்சியைப் பார்த்தாள். அண்ணாச்சி கண்ணில் நீர் வழிய, துண்டை இன்னும் அழுத்திப் பிடித்தார்.

"ஏந்தாயின்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா எடுத்துக்கிட்டுப் போயிருப்பேன் டீச்சர். கோவத்துல வந்ததுதான். அந்த மனுசன் வாயவே தொறக்கலை" என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

அண்ணாச்சி குடையின் விலையை எண்ணி வைத்து, தகரப்பெட்டியைக் கவிழ்த்து, அந்த ஒரு ரூபாயையும் எடுத்து அவளிடம் கொடுத்தார். அவள் போய்விட்டாள்.

குத்தாலிங்கம் யோசித்துக்கொண்டிருந்தான். அதுதான் பயமாக இருந்தது.

"அத்தான், போணி திரும்பிட்டுதுன்னா, போணி ஆகலைன்னுதானே அர்த்தம்?"

"ஆமாடே."

"போணி ஆகலைன்னா, அதுக்குப் பின்னால வந்த நூத்திப் பதினெட்டும் எப்படி வந்துச்சு?"

"வந்திருக்க முடியாதே!"

"வந்திருக்க முடியாத ஆர்டருக்கு எப்படிக் குடை அனுப்புவீங்க?"

வேன் டிரைவர் கையெடுத்துக் கும்பிட்டார். "அய்யா, வண்டி நகர்ந்தாப் போதும்யா. நான் போயிடுறேன்யா." விடவில்லை. நூற்றுப் பதினெட்டுப் பெட்டிகளையும் இறக்கினார்கள். இசக்கியப்பன் ஒவ்வொருவருக்கும் எழுதினான்: 'போணி திரும்பிவிட்டபடியால் உங்கள் ஆர்டர் வரவில்லை.' ஜெபசிங் மட்டும் பதில் போட்டார்: 'இப்படி ஒரு நேர்மையான கடையை நான் பார்த்ததில்லை. ஐந்து நட்சத்திரம்.'

மறுநாள் கார்த்திகை பிறந்தது. இயந்திரம் வந்தது. இப்போது அந்த இடத்தில் சாலை நல்ல அகலமாக இருக்கிறது. காலையில் பஸ்கள் போகும் சத்தம் கேட்கும். வேறு சத்தம் இல்லை.

ஆவுடையப்பன் அண்ணாச்சி ஓசூரில் மகள் வீட்டில் இருக்கிறார். கம்பங்கூழ் குடிக்கிறார். நானூற்றுப் பதினோரு குடைகளும் ஒன்பதாவது மாடி பால்கனியில் அடுக்கியிருக்கின்றன. அங்கே நல்ல மழை. போன முதல் வாரமே மருமகன், "மாமா, ஒரு குடை எடுத்துக்கிறேன்" என்று கேட்டாராம். "இன்னும் போணி ஆகலை மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டார் அண்ணாச்சி.

மருமகன் நனைந்துகொண்டுதான் வேலைக்குப் போய்வருகிறார்.