கோட்டைச்சாமிக்கு அடுத்த ஆள்

ஆற்றுக்கு நாம் இன்று சொல்லும் பெயர் வருவதற்கு வெகுகாலம் முன்பு, அதன் இக்கரையில் இருந்த வெண்கரை நாட்டை வேங்கைமாறன் என்றோர் அரசன் ஆண்டு வந்தான். நல்லவன்தான். ஆனால் பிடிக்காத பேச்சைக் கேட்டால் காதில் எறும்பு புகுந்தவன்போல் துள்ளுவான்.

அக்கரையில் மருதங்காட்டு நாடு. தை மாதம் இரு நாட்டுக்கும் ஆற்று மணலில் சடுகுடு நடக்கும். வென்ற நாட்டு வயலுக்கு அணைத் தண்ணீர் முதலில் பாயும். தோற்ற நாடு மிச்சத்துக்குக் காத்திருக்க வேண்டும். வெண்கரைக்குப் பாடிப் போகிறவன் கோட்டைச்சாமி. ஒரே மூச்சில் ‘சடுகுடு சடுகுடு’ என்று பாடியபடி எதிராளிகளுக்குள் புகுந்து, தொட்டுவிட்டு, மூச்சு அறுமுன் கோட்டுக்குத் திரும்புவான். அதுவரை கரையில் நிற்கிற சனமும் மூச்சு விடாது. அரசனும் அவனும் ஒரே வயது. சிறு பிராயத்தில் ஒரே மணலில் புரண்டவர்கள்.

போன தையில், கோட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் கோட்டைச்சாமியின் பாட்டு மூச்சின்றித் திணறியது. விரல் நுனி கோட்டைத் தொட்டதால் நாடு பிழைத்தது. பார்த்தவர்கள் பார்க்காததுபோல் கொட்டு முழக்கினார்கள்.

அமைச்சர் அறவாழி மட்டும் சபையில் எழுந்தார். “மன்னா, கோட்டைச்சாமிக்கு அடுத்த ஆளை இந்த வருடமே அணியில் சேர்க்க வேண்டும்.”

“உயிரோடு இருப்பவனுக்குத் திவசம் கொடுக்கச் சொல்கிறீரா?” என்று சீறினான் அரசன்.

அமைச்சரின் முத்திரை மோதிரத்தின்மேல் நெடுநாளாகக் கண் வைத்திருந்தவர் பொக்கிஷதார் பண்டாரநாயகம். அவரும் எழுந்தார். “சூரியன் உச்சியில் இருக்கும்போது அமைச்சர் அகலுக்கு எண்ணெய் தேடுகிறார்! தோற்றால் தேடிக்கொள்ளலாமே. அவன் தோற்கப் போவதுமில்லை!”

“கேட்டீரா?” என்றான் அரசன். “வென்றுகொண்டிருப்பவனுக்கு இப்போதே ஏன் ஆள் தேட வேண்டும்? எனக்கு உறைக்கும்படி சொல்லும். பொங்கலுக்குள் முடியாவிட்டால் மோதிரத்தைக் கழற்றிப் பண்டாரநாயகத்திடம் கொடும்.”

அறவாழி நேரே கோட்டைச்சாமியின் தோப்புக்குப் போனார். மரங்களுக்கு நடுவே சடுகுடு கேட்டது. பாதியில் அறுந்து இருமலாயிற்று. நிமிர்ந்த கோட்டைச்சாமி அமைச்சரைப் பார்த்துவிட்டான்.

“கேட்டுட்டீங்களா ஐயா?”

“கேட்டேன்.”

“யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. இதை விட்டா எனக்கு வேற பேரு கிடையாது. எம் பொஞ்சாதிகூட ‘பாட்டுக்காரர் வந்தாச்சு’ன்னுதான் சொல்லுவா.”

“தோற்ற பிறகு ஊரே வேறு பேர் வைக்கும், கோட்டைச்சாமி. அது பிடிக்குமா?”

கோட்டைச்சாமி துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டான். பிறகு, “இருளப்பன்னு ஒருத்தன். உப்பு மூட்டை தூக்குறவன். நல்லாப் பாடுறான்” என்றான். பல் வலிக்கிறவன் முகம்போல இருந்தது அவன் முகம்.

மறுநாள் அரண்மனைப் பந்தி. அங்கே தயிர் கத்தியால் வெட்டும்படி இருக்கும். அரசனுக்கு அது இல்லாமல் சோறு இறங்காது. அமைச்சர் சொல்லி வைத்தபடி சமையற்காரர் சட்டியோடு வந்து நின்றார். “அடியில் கொஞ்சம் இருக்கிறது. எடுத்து வைக்கட்டுமா?”

“மன்னர் சாப்பிடும்போது யாருக்கடா எடுத்து வைக்கிறாய்?” என்றார் பண்டாரநாயகம். “வழித்துப் போடு!”

வழித்துப் போட்டார். அடுத்த நாள் இலையில் தயிர் இல்லை.

“எங்கே?” என்றான் அரசன்.

“உறை ஊற்ற மோர்த்துளிகூட இல்லை, அரசே” என்றார் சமையற்காரர்.

“நேற்றே எடுத்து வைக்க வேண்டியதுதானே, மடையா!”

“அது எப்படி, மன்னா?” என்றார் அறவாழி. “தயிர் கட்டியாக, நன்றாக இருக்கும்போதே நாளைக்கென்று எடுத்து வைத்தால் அது தயிருக்குத் திவசம் கொடுத்ததாகாதா? உறைக்கும்படி சொல்லச் சொன்னீர்கள். உறை இல்லாமல் எப்படிச் சொல்வேன்?”

பந்தியில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பண்டாரநாயகம் விடவில்லை. “இதென்ன பெரிய காரியம்? பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி இரவல் வாங்கினால் போயிற்று!”

“தயிருக்குப் பக்கத்து வீடு உண்டு, நாயகமே. சடுகுடுவுக்குப் பக்கத்து வீடு மருதங்காடு. தாங்களே போய் அந்த அரசரிடம் ஒரு ஆள் இரவல் கேட்டு வாருங்களேன்.”

பந்தி முழுவதும் சிரித்தது. அரசன் மட்டும் சிரிக்கவில்லை. வெறும் சோற்றைப் பிசைந்தபடி மெல்லச் சொன்னான்: “இன்று அவனுக்கு ஆள் பார்த்தால், நாளை எனக்கும் பார்க்கச் சொல்வீர்.”

அறவாழி தண்ணீர்ச் செம்பை அரசன் பக்கம் நகர்த்தி வைத்தார்.

“சரி, சேருங்கள்” என்றான் அரசன். “ஆனால் எப்போது விலகுவது என்பதைக் கோட்டைச்சாமிதான் சொல்ல வேண்டும். வேறு எவனும் சொல்லக் கூடாது.”

தை வந்தது. இருளப்பன் அணியில் நின்றான். கோட்டைச்சாமி பாடிப் போய்த் தொட்டுத் தொட்டு மீண்டான். இரு பக்கமும் சமமாகி, கடைசிப் பாட்டு மிஞ்சியது. கோட்டைச்சாமி கோட்டருகே குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். சனம் அடங்கியது. அவன் நிமிர்ந்து நின்றான், நின்றுகொண்டே இருந்தான். பிறகு திரும்பி வந்து இருளப்பன் முதுகில் கை வைத்தான்.

“நீ போ.”

இருளப்பன் போனான். தொட்டான். பாட்டு அறாமல் திரும்பினான்.

கொட்டு முழங்கியது. அரசன் தன் பட்டுச் சால்வையைக் கழற்றி அமைச்சருக்குப் போர்த்தினான். வெயிலில் நின்ற சனத்துக்கெல்லாம் தன் கையாலேயே மோர் ஊற்றும்படி பண்டாரநாயகத்துக்கு உத்தரவாயிற்று. இருளப்பனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர் போய்விட்டது.

மணலில் கோட்டைச்சாமி மட்டும் உட்கார்ந்திருந்தான். அரசன் இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

“மூச்சு வாங்குகிறதா, கோட்டை?”

“இல்லை மகாராஜா. நிறைய மிச்சமிருக்கு. இதை வச்சுக்கிட்டு இனிமே என்ன செய்யறதுன்னுதான் தெரியலை.”

மதகு திறந்து, தண்ணீர் வெண்கரைப் பக்கம் திரும்பும் சத்தம் கேட்டது. இருவரும் எழுந்திருக்கவில்லை.