விருந்து வைக்காத புதுவீடு

முன்னொரு காலத்திலே, ஆறு வற்றாமல் ஓடிய காலத்திலே, நெடுங்கரை நாட்டை வீரகேது என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் சிரிப்பார், மாலையில் சீறுவார். அவருடைய மந்திரி நாகமுத்தர் பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. வடக்கே போன படையில் ஒருவர்கூட மிஞ்சவில்லை என்று ஓலை வந்திருந்தது. "என் பிறந்தநாள் விழா முடிகிறவரை இதைப் பற்றி யாரும் மூச்சுவிடக் கூடாது" என்று ராஜா அடக்கிவைத்திருந்தார்.

அப்போதுதான் காத்தாயி வழக்கோடு வந்து நின்றாள்.

"மகாராஜா, கோட்டை அதிகாரி சிற்றம்பலனார் வீட்டிலே இருபது வருஷம் குடியிருந்தேன். 'இடிச்சுக் கட்டணும், ஆறு மாசம் வெளியே இரு, கட்டினதும் உனக்கே தர்றேன்'னு நாலு பேர் முன்னால வாக்குக் கொடுத்தார். கட்டியாச்சு. இப்ப உள்ளே விடமாட்டேங்கிறார்."

மந்திரியைக் கண்டாலே வயிறெரிகிற சிற்றம்பலனார் மீசையைத் தடவிக்கொண்டார். "நான் வாக்குக் கொடுத்தது பழைய வீட்டுக்கு. அது மண்ணாகிவிட்டது. இது புத்தம் புது வீடு; இதில் இவளுக்கென்ன பாத்தியதை? ஏழைகளுக்கு உருகும் மந்திரியார் வேண்டுமானால் அந்த மண்ணை அள்ளிக் கொடுக்கட்டும்!"

சபை சிரித்தது. ராஜாவும் சிரித்தார். "ஏனம்மா, ஊரில் வேறு வீடே இல்லையா?"

"இருக்கு மகாராஜா. என் மகன் சடையன் வடக்குப் படையிலே போயிருக்கான். அவன் பொறந்த வீடு அது. தேடி வரும்போது வேற யாராவது இருந்தா, ஆத்தா செத்துட்டான்னு நெனச்சுத் திரும்பிப் போயிடுவான்."

ராஜா தன் மோதிரத்தைப் பார்த்துக்கொண்டார். நாகமுத்தர் எழுந்தார்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். புதுவீடு கட்டுகிறவர் ஊருக்கே விருந்து வைக்க வேண்டும். பழைய வீட்டைச் செப்பனிட்டால் வேண்டாம்.

"அதிகாரியார் சொல்வது நியாயம். புதுவீடேதான்! யாரங்கே, தண்டோரா போடுங்கள். நாளைக்கு இவர் வீட்டில் ஊருக்கே வடை பாயசத்தோடு விருந்து. பிறந்தநாளுக்கு வந்த வெளியூர்க்காரரையும் விடாதீர்கள்!"

சிற்றம்பலனார் துள்ளி எழுந்தார். "ஐயையோ, விருந்தெல்லாம் எதற்கு? அதே அஸ்திவாரம், அதே நிலை, அதே உத்திரம். சுவரை மட்டும்தானே எழுப்பினேன்? பழைய வீடுதான் என்று தெருவெல்லாம் சொல்லியிருக்கிறேன்!"

"பழைய வீடென்றால் பழைய குடியை ஏன் வெளியே நிறுத்தினீர்?" என்றார் நாகமுத்தர்.

ராஜா தொடையைத் தட்டிச் சிரித்தார். "ஓய், எம் முன்னால் இடித்ததும் உம் வாய்தான், கட்டியதும் உம் வாய்தான்! சாவியைக் கொடும். விருந்தையும் வையும். இலை போட்டு நீரே பரிமாறும்!"

சிற்றம்பலனார் காத்தாயி கையில் சாவியை வைத்துவிட்டு, தலை நிமிராமல் வெளியேறினார்.

"நாகமுத்தரே, என்ன பரிசு வேண்டும், கேளும்."

"வடக்குப் படையைப் பற்றி வாய்திறக்க அனுமதி வேண்டும், மகாராஜா."

ராஜாவின் சிரிப்பு அப்படியே நின்றது. காத்தாயியை ஒரு தடவை பார்த்தார். "சொல்லும்" என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். ஒவ்வொருவராகச் சபையும் கலைந்தது.

"தாயே..." என்றார் நாகமுத்தர்.

காத்தாயி அவர் முகத்தையே வெகுநேரம் பார்த்தாள்.

"இங்கே வேணாம் ஐயா. முன்னாடி நான் போய்க் கூட்டிப் பெருக்கி, ஒரு விளக்கு ஏத்தி வெக்கிறேன். அப்புறம் வாங்க. அவன் தவழ்ந்த எடத்துலயே உக்காந்து கேட்டுக்கிறேன்."

கண்ணைத் துடைக்காமல், வெறிச்சோடிய சபை நடுவே அவள் மெல்ல நடந்து போனாள்.