குளத்துப் பாட்டும் கனியின் முகமும்

ஆலடிப்பேரி ஆட்களிடம் ஒரு வேலையைச் சொன்னால் சொன்னபடியே செய்து முடிப்பார்கள். அவர்களிடம் உள்ள ஒரே குறை அதுதான்.

அந்த ஊர்க் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு வணிகவியல் படித்தான் சண்முகக்கனி. நல்ல குரல். ஆனால் முகம் வெளியே தெரிய மட்டும் அவனுக்குக் கொடுத்துவைக்கவில்லை. முதல் வருஷ ஆண்டுவிழாவில் திரைக்குப் பின்னால் நின்று கடவுள் வாழ்த்துப் பாடினான். அடுத்த வருஷம் குழுப்பாட்டில் ஆறடிப் பையன் ஒருத்தனுக்குப் பின்னால் நிறுத்திவிட்டார்கள். அவன் அம்மா பேச்சியம்மாள் பீடி சுற்றுகிறவள். இரண்டு வருஷமும் தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய், "அந்தா கேக்கு பாரு, அந்தச் சத்தந்தான் எம்பிள்ளை" என்று காட்டிவிட்டு வந்தாள்.

இந்த வருஷம் கல்லூரியில், மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து குழுவுக்கொரு பாட்டு வீடியோ எடுத்துக் கொடுத்தால் விழாவில் பெரிய திரையில் போடுவோம் என்று அறிவித்தார்கள். கனி அன்றைக்கே வீட்டுக்கு ஓடினான்.

"எம்மா, இந்தத் தடவை மூஞ்சி தெரியும். சுவரு அளவுக்குத் தெரியும்."

பேச்சியம்மாள் பீடித் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தெருவுக்கு இறங்கியவள், கடைசி வீடு வரைக்கும் சொல்லி முடித்துவிட்டுத்தான் திரும்பினாள். இனிமேல் முகம் தெரியாமல் போனால் கனி அந்தத் தெருவில் நடமாட முடியாது.

குழுவில் நாலு பேர். கனி பாட்டெழுதி, பாடி, கதாநாயகனாக நடிக்க வேண்டியது. இயக்கம் மாரிச்செல்வி; எதையும் நோட்டில் எழுதாமல் நம்பமாட்டாள். கேமரா இசக்கிப்பாண்டி. நாலாவது ஆள் தங்கப்பழம். அவன் வீட்டுக்குப் பின்னால்தான் குளக்கரை இருந்தது, அதனால் அவனையும் சேர்த்துக்கொண்டார்கள்.

நாலு பேருக்கும் வீடியோ எடுத்துப் பழக்கமில்லை. இசக்கியின் அத்தான் வேலாயுதம் சென்னையில் கல்யாண வீடியோ எடுக்கிறவர். பதினோரு வருஷமாகச் சென்னையில் இருந்தாலும் அவரும் ஆலடிப்பேரிக்காரர்தான். எடுத்ததை அனுப்பினால் வெட்டி ஒட்டித் தருவதாகச் சொன்னார். எடுக்கும்போது கவனிக்க வேண்டியதைக் குரல் செய்தியாகவும் அனுப்பினார். செல்வி அதை நாலு தரம் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டாள்.

பாட்டை முன்கூட்டியே பதிவு செய்துகொள்ள வேண்டும். படம் பிடிக்கிற இடத்தில் சத்தம் கூடாது, வாயை அசைத்தால் போதும். யாரும் கேமராவைப் பார்க்கக் கூடாது. செல்வி 'கட்' சொல்கிற வரை யாரும் நிறுத்தக் கூடாது. முதல் நாள் எப்படி இருந்ததோ இரண்டாம் நாளும் இம்மி பிசகாமல் அப்படியே இருக்க வேண்டும்.

பாட்டைக் கல்லூரிக் கணினி அறையில் பதிவு செய்தார்கள். 'குளமே குளமே குளிர்ந்த குளமே, உன்னைக் கண்டால் உள்ளம் நனையுமே' என்று கனி பாடியதைக் கேட்டு அறையைப் பூட்ட வந்த பியூன்கூட ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போனார்.

மறுநாள் காலை குளக்கரையில் கூடினார்கள். தங்கப்பழம் வீட்டு எருமை அங்கே வேப்பமரத்தடியில் கட்டிக் கிடந்தது. அதற்கு முன்னால் கனியை நிறுத்தினார்கள். இசக்கி முக்காலியில் கேமராவை மாட்டிவிட்டுக் கண்ணை வைக்கப் போனான். செல்வி அவன் தோளைத் தொட்டாள்.

"யாரும் கேமராவைப் பாக்கக் கூடாது."

"நான் எடுக்கிறவன்லா?"

"அத்தான் நடிக்கிறவங்கன்னு சொல்லல. யாரும்னு சொல்லிருக்காவ. நீயும் ஒரு ஆளுதான?"

இசக்கி நெடுநேரம் யோசித்தான். தான் ஆள் இல்லை என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. முதுகைத் திருப்பிக்கொண்டு, கையைப் பின்னால் விட்டு, தடவித் தடவிப் பொத்தானை அமுக்கினான். அதன்பிறகு அந்த இரண்டு நாளும் கேமரா எதைப் பார்க்கிறது என்று மனிதப் பிறவி யாரும் பார்க்கவில்லை.

முதல் காட்சியில் கனி பாடிக்கொண்டே கரையோடு நடக்க வேண்டும். சட்டைப் பையில் இருந்த போனில் தனக்கு மட்டும் கேட்கிற அளவுக்குப் பாட்டைப் போட்டுக்கொண்டு, வாயை அசைத்தபடி நடந்தான். பத்து அடி போனதும் செல்வி 'கட்' சொன்னாள். சத்தம் கூடாது என்பதால் உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னாள்.

கனி திரும்பிப் பார்த்திருந்தால் அது தெரிந்திருக்கும். திரும்பினால் கேமராவைப் பார்த்ததாகிவிடும். ஆகவே நடந்தான். பாட்டு முடிந்து மறுபடி ஆரம்பித்தது. கரை முடிந்து தார்ரோடு வந்தது. செல்வி விடாமல் உதட்டை அசைத்துக்கொண்டே இருந்தாள். தங்கப்பழத்துக்கு அவள் சொல்வது புரிந்தது. ஆனால் ஓடிப்போய்ச் சொல்லலாம் என்றால், 'கட்' சொல்ல வேண்டியது செல்வி என்றுதான் நோட்டில் இருக்கிறது.

கனி அன்றைக்கு மூன்று ஊர்களைத் தாண்டினான். ஒரு ஊரில் கிணறு வெட்டுகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். இன்னொரு ஊரில் ஒரு நாய் கொஞ்ச தூரம் கூட வந்து, சலித்துப்போய்த் திரும்பியது. வெயிலில் கால் கொப்பளித்தது. ஆனாலும் பெரிய திரையில் தன் முகத்தைப் பார்த்து அம்மா சிரிக்கப்போவதை நினைத்தால் கனிக்கு வலி தெரியவில்லை.

எட்டாவது கிலோமீட்டரில், சந்தைக்கு வந்திருந்த அவன் மாமா பார்த்துவிட்டார். மருமகன் வாயைத் திறந்து திறந்து மூடுகிறான், சத்தம் வரவில்லை. பயந்துபோய் அவனைத் தூக்கி மோட்டார் சைக்கிளில் உட்காரவைத்துக் கூட்டிவந்தார். கனி பின்னால் உட்கார்ந்தபடி வழி முழுக்க இரண்டு பக்கமும் காலை வீசி நடந்துகொண்டே வந்தான். குளக்கரையில் வண்டி நின்றபோதுதான் செல்வியின் உதட்டைப் பார்த்து நிறுத்தினான்.

இவ்வளவு நேரமும் கேமரா ஓடி, பேட்டரி தீர்ந்து தானாகவே நின்றிருந்தது. அதற்கு முன்னால் வேப்பமரத்தடியில் எருமை அசைபோட்டுக்கொண்டிருந்தது. நல்ல உழைப்பு என்று எல்லோரும் திருப்தியோடு வீட்டுக்குப் போனார்கள்.

இரண்டாம் நாள் காலையில் வந்து பார்த்தால் எருமை கன்று போட்டிருந்தது.

செல்வி நோட்டைத் திறந்து நின்றாள். முகம் வெளுத்துவிட்டது.

"நேத்து ஒண்ணு இருந்துச்சு. இன்னைக்கு ரெண்டு இருக்கு. ஒட்டாது."

"நேத்தும் ரெண்டுதான்," என்றான் தங்கப்பழம். "ஒண்ணு உள்ள இருந்துச்சு."

"உள்ள இருந்தது கேமராவுல தெரியாதுல்லா?"

"அப்ப திரும்ப உள்ள..." என்று இசக்கி ஆரம்பித்தான். மற்ற மூன்று பேரும் எருமையைப் பார்த்தார்கள். எருமையும் அவர்களைப் பார்த்தது. அந்த யோசனையை அதோடு விட்டுவிட்டார்கள்.

"ஒரு வாரம் பொறுத்து எடுத்தா என்ன?" என்றான் கனி.

"ஒரு வாரத்துல கன்னுக்குட்டி வளரத்தான் செய்யும். குறையவா செய்யும்?" என்றாள் செல்வி.

அது நியாயமாகப் பட்டது. கடைசியில் கன்றை ஒரு போர்வையால் போர்த்தி மறைத்துவிடுவது என்று முடிவாயிற்று. மரத்துக்குப் பின்னால் மறைத்தார்கள். எருமை கயிற்றை இழுத்துக்கொண்டு பின்பக்கமாகத் திரும்பி நின்றது. நேற்று முகம் இந்தப் பக்கம் இருந்ததே என்று செல்வி தலையில் கைவைத்தாள். தங்கப்பழம்தான் வழி கண்டுபிடித்தான். கன்றைத் தூக்கிவந்து முக்காலிக்குக் கீழே உட்காரவைத்து, போர்வைக்குள் அவனும் புகுந்து அதைப் பிடித்துக்கொண்டான். எருமை உடனே இந்தப் பக்கம் திரும்பி, கேமராவுக்குக் கீழே கண்ணை வைத்து, உருக்கமாகப் பார்த்துக்கொண்டு நின்றது. நேற்றை விட நன்றாகவே நின்றது.

அன்றைக்கு எடுக்க வேண்டியது கனியின் முகம். திரை நிறைய முகம் வேண்டும், ரொம்பக் கிட்டப் போய் எடு என்று அத்தான் அழுத்திச் சொல்லியிருந்தார். கனி எருமைக்கு முன்னால் போய் நின்றான். நேற்று மாமா வண்டியில் ஏற்றியபோது சட்டைப் பித்தான் ஒன்று போயிருந்தது. இன்றைக்கும் அது இல்லாததைச் செல்வி சரிபார்த்துக்கொண்டாள். கனி பாட்டைப் போட்டு வாயை அசைத்தான். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் வானத்தைப் பார்த்தான்.

இசக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டு, கேமராவைக் கழற்றிக் கையில் பிடித்து, அடிமேல் அடி வைத்து முன்னால் போனான். கிட்ட என்றால் எவ்வளவு கிட்ட என்று அவனுக்குச் சந்தேகம். கேமரா எதன் மேலாவது படுகிற வரை போய், அங்கேயிருந்து ஒரு சாண் பின்னால் வருவது என்று கணக்கு வைத்திருந்தான். கனியின் காதோரமாகக் கேமரா தாண்டிப் போயிற்று. கொஞ்ச தூரத்தில் ஈரமாக ஏதோ பட்டது. வெயிலுக்கு நன்றாக வேர்த்திருக்கிறான் என்று நினைத்து, ஒரு சாண் பின்னால் வந்து, கையை ஆடாமல் நிறுத்தினான். நாலு நிமிஷப் பாட்டை ஏழு தடவை எடுத்தார்கள்.

எல்லாவற்றையும் சென்னைக்கு அனுப்பினார்கள். விழாவுக்கு முதல் நாள் அத்தான் போன் பண்ணினார். இசக்கி எல்லோரும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டான்.

"மாப்ள, பதினோரு வருஷமா மாப்பிள்ளை மூஞ்சியா எடுத்துட்டு இருக்கேன். இப்படி ஒரு மூஞ்சி பாத்ததில்ல. ஒரு தடவைகூட கேமராவப் பாக்கல. கண்ணுல அப்படி ஒரு சோகம். பாட்டுக்கும் வாய்க்கும் கச்சிதமா ஒட்டிட்டு."

கனிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. "அத்தான், நேர்ல பாத்தா இன்னும் நல்லா இருப்பேன்," என்றான்.

"ஒண்ணே ஒண்ணு. முத நாள்ல எவனோ ஒருத்தன் குறுக்க நடந்து போயிட்டான். அவனை வெட்டி எறிஞ்சிட்டேன்."

"நல்லதாப் போச்சு அத்தான்," என்றான் கனி. தான் அவ்வளவு பாடுபட்டு நடித்த இடத்தில் எவனோ குறுக்கே போனது அவனுக்குச் சுருக்கென்றுதான் இருந்தது.

விழா நாளில் பொழுது சாய்ந்ததும் மைதானத்தில் பெரிய வெள்ளைத் திரை கட்டினார்கள். முன்வரிசையில் பேச்சியம்மாள் புதுச்சேலையில் உட்கார்ந்திருந்தாள். தெருவே அவளைச் சுற்றி இருந்தது. நாலு பேரும் ஓரமாக நின்றார்கள்.

பாட்டு ஆரம்பித்தது. கனியின் குரல் மைதானம் முழுக்க நிறைந்தது. திரையில், சுவர் அளவுக்கு, எருமையின் முகம் வந்தது.

'குளமே குளமே' என்று அது வாயை அசைத்தது. 'குளிர்ந்த குளமே' என்று கண்ணை மூடித் திறந்தது. குரல் உச்சத்துக்குப் போன இடத்தில் கழுத்தை நீட்டி வாயை அகலத் திறந்தது. ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை.

கனிக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. மூன்றாவது வருஷமும் முகம் போயிற்று. அம்மாவைப் பார்க்கப் பயந்து தரையைப் பார்த்தான்.

அப்போது பேச்சியம்மாளின் குரல் கேட்டது.

"ஏளா, பாருங்க. அதான் எம்பிள்ளை."

"கொம்பு இருக்கே அக்கா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"சினிமான்னா வேசம் போடாண்டாமா? கொம்பெல்லாம் மெட்ராஸ்ல கம்ப்யூட்டர்லயே வச்சிருவாவ. சத்தத்தக் கேளு, அவந்தான. கண்ணப் பாரு. எத்தனை வேசம் போட்டா என்ன, அது அப்படியே அவங்க அப்பா கண்ணு."

பக்கத்து வீட்டுக்காரி கூர்ந்து பார்த்தாள். "ஆமாக்கா. கொஞ்சம் மெலிஞ்சிட்டான்," என்றாள். பேச்சியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இரண்டு வருஷமாகக் காத்திருந்தவள், வாய்விட்டுச் சிரித்தாள். பாட்டு முடிந்ததும் மைதானம் கைதட்டி ஓயவில்லை.

கனி நண்பர்களைத் தனியாக இழுத்துக்கொண்டு போனான்.

"ஏல, மறைக்காமச் சொல்லுங்க. அது நான் இல்லதான?"

"நான் கேமராவையே பாக்கல. எனக்கு எப்படித் தெரியும்?" என்றான் இசக்கி.

"நான் போர்வைக்குள்ள இருந்தேன்," என்றான் தங்கப்பழம்.

செல்வி நோட்டைப் புரட்டி விரலை வைத்துக் காட்டினாள். "ரெண்டாம் நாளு. கனி, முகம், ரொம்பக் கிட்ட. ஏழு தடவை எடுத்தாச்சு. எருமையோட முகம் எடுத்ததா எங்கயும் எழுதல."

கனி அந்தப் பக்கத்தைத் தானும் ஒரு தரம் படித்தான். எழுத்தில் இருக்கிறது. அதற்குள் ஆட்கள் வந்து கையைப் பிடித்துக் குலுக்க ஆரம்பித்தார்கள். பெற்ற தாயே சொல்லிவிட்டாள். கல்லூரி முதல்வர் முதுகில் தட்டி, உன்னிடம் இவ்வளவு அடக்கம் இருக்கும் என்று நினைக்கவில்லை தம்பி என்றார். இவ்வளவு பேர் பொய் சொல்வார்களா?

கூட்டம் கலைந்த பிறகு கனி இசக்கியின் தோளில் கைபோட்டுக்கொண்டு நடந்தான்.

"கூட்டுக்காரன்கிற முறையில கேக்கேன். ரெண்டாவது சரணத்துல நான் காத ரெண்டு தடவை ஆட்டிட்டேன். கூடுதலாத் தெரியுதோ?"

இசக்கி நின்று யோசித்தான்.

"ஒரு தடவை போதும்," என்றான். "அடுத்த பாட்டுல குறைச்சுக்கிடு."